ஏழாவது அடுக்குக்குப் பின்னால் இரண்டு டப்பா

ஜனவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மழைக்கு வருகிறது, வெயிலுக்குப் போகிறது. உன் உடம்பு எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை. நீ சாப்பிடாமல் இருக்கிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

டப்பாவைத் திறந்ததும் மவுண்டிங்குக்கு முன்னால் காகிதம் கையில் வந்தால் பயந்துவிடாதே. போனில் பேசினால் பாதிப் பேச்சை அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், மீதியை உங்கள் ஒர்க்‌ஷாப் சத்தம் விழுங்கிவிடுகிறது. புது மவுண்டிங்கை நான் இந்த உதிரிபாக ஸ்டோரிலிருந்து உனக்கு அனுப்ப வேண்டும், கழற்றிய பழையதை அதே டப்பாவில் நீ எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது, பழுதான பாகத்தைத் திரும்பப் பெறும் ரீகாலின் விதி. போகும்போது என் கடிதம், வரும்போது உன் கடிதம். கம்பெனிக்குத் தெரியவா போகிறது.

சுற்றறிக்கையை எங்களுக்கு ஐந்து தடவை வாசித்துக் காட்டிவிட்டார்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் கட்டைகளான இந்த மவுண்டிங்குகள் கிழிகின்றன, வேகமாக மிதித்தால் இன்ஜின் இடம் பெயரலாம், எல்லா வண்டிகளுக்கும் இலவசமாக மாற்ற வேண்டும். வாசித்தவருக்கு மவுண்டிங் இன்ஜினின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேட்கவில்லை.

ஆட்டோமொபைல் டிப்ளமோவில் ஒரே வகுப்பு, நான் முதல், நீ பதினாலு. ஒரே நாளில் நேர்காணலுக்குப் போனோம். என் விண்ணப்பத்தில் டைப்பிங் சர்டிபிகேட் இருந்ததைப் பார்த்து, "இந்தப் பொண்ணு ஸ்டோருக்குச் சரியா இருப்பா" என்று ஒருவர் சொன்னார். உனக்கு டைப்பிங் தெரியாது. அதனால் நீ மெக்கானிக். கூடுதலாக ஒன்றைப் படித்ததற்குக் கிடைத்த தண்டனையை நான் தினமும் எட்டு மணி நேரம் அனுபவிக்கிறேன்.

சிவப்பு வண்டியின் முன்னால் நீ நிற்கும் படத்தை அம்மா ஹால் அலமாரியில் வைத்திருக்கிறாள். அங்கே முன்பு கடிகாரம் இருந்தது.

எட்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாளா? அவள் தேய்க்க மாட்டாள், நீதான் தேய்த்துவிட வேண்டும்.

எட்டும் முடிந்தது. டப்பாவில் பழைய ரப்பரைத் தொட்டுப் பார், என் விரல் உள்ளே நுழைகிறது. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, இன்ஜினுக்கு அடியில் ஜாக் கொடுத்துத் தாங்கி, பழையதைக் கழற்றிப் புதியதை வைத்து, போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் முடுக்குகிறேன். பிறகு ஜாக்கை எடுத்து, இன்ஜின் தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு இறுக்குகிறேன். இதைச் சுற்றறிக்கை சொல்வதற்கு முன்னாலேயே, பரீட்சைக்கு முந்தின நாள் நீ சொன்னாய். நினைவிருக்கிறதா?

வேலை முடிந்ததும் ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் நானே. மெதுவாக மிதித்தாலே முதுகை சீட்டோடு அழுத்துகிறது அக்கா. மூன்றாவது கியரில் அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இன்னொரு செய்தி. கம்பெனியின் சோதனைக் குழுவுக்கு எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு மெக்கானிக்கை எடுக்கிறார்கள். ஆளுக்கு இருபது வண்டி. மார்ச் மாதம் முடிவதற்குள், ஒரு வண்டிகூடத் திரும்பி வராமல், முதலில் முடிப்பவருக்கு அந்த இடம். எனக்குப் போட்டி மீசைக்காரர். பதினைந்து வருட அனுபவம், பேச்சே கிடையாது, மீசைதான் பேசும்.

அம்மாவிடம் சொல். நீயும் சந்தோஷப்படு.

உன் வாலு


பிப்ரவரி 2

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே இருவரும் சுகம். எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். தேய்க்கும்போது அம்மா உன்னைப் பற்றித்தான் பேசுகிறாள்.

உன் கடிதத்தை அவள் கீழ்வீட்டு டீச்சருக்கு வாசித்துக் காட்டினாள். மீட்டர் பார்க்க வந்தவருக்கும் காட்டினாள். அவர் பாவம், கதவருகே நின்றபடி மூன்றாவது கியர் வரை கேட்டார். "பெரியவள் என்ன பண்றா?" என்று போகும்போது கேட்டார். "அவ டப்பா அனுப்புறா" என்றாள் அம்மா.

எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடாதே. வயிற்றெரிச்சல்தான். எழுதிவிட்டால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.

இங்கே ஒன்பது அடுக்குகள், ஒவ்வொன்றிலும் கூரை வரை டப்பாக்கள். அந்த வண்டியின் ஒவ்வொரு பாகமும் என் கை வழியாகத்தான் போகிறது. கண்ணாடி, கதவுக் கைப்பிடி, சீட் தோல் எல்லாம். முழு வண்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. உன் படத்தில் பார்த்ததுதான். அதிலும் பாதியை நீ மறைத்துக்கொண்டு நிற்கிறாய்.

பத்து டப்பா அனுப்புகிறேன். அந்த மூன்றாவது கியரைப் பற்றி இனிமேல் எழுதாதே. இல்லை, எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

நலம். சளி பிடித்திருந்தது, போய்விட்டது. அம்மாவிடம் சளியைச் சொல்லாதே.

பதினெட்டு முடித்துவிட்டேன். மீசைக்காரருக்கு இன்னும் மூன்று பாக்கி, எனக்கு இரண்டு. அந்த இரண்டுக்கும் ஆர்டர் சீட்டை முந்தாநாளே அனுப்பிவிட்டேன். அதில் ஒன்று பல் டாக்டரின் மஞ்சள் வண்டி. தினமும் போன் செய்கிறார். "வண்டி நடுங்குதும்மா, என் கை நடுங்கினா ஊரு தாங்காது" என்கிறார். அவர் வண்டியைப் போய்ப் பார்த்தேன். இடது மவுண்டிங் இனி எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டாமல் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று வெள்ளை வண்டியை ஏரிக்கரைச் சாலையில் ஓட்டினேன். நீதான் எழுது என்றாய். ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினேன். உன்னை நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் ஸ்டோரிலிருந்து டப்பா எப்போது வரும் என்று கவலைப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே நீ இருக்கிறாய்.

உன் வாலு


பிப்ரவரி 23

அன்புள்ள வாலுவுக்கு,

இருவரும் சுகம். சளியைச் சொல்லவில்லை.

நீ கேட்ட இரண்டும் இதோ. போல்ட்டுகளை நானே எண்ணிப் பார்த்து வைத்திருக்கிறேன். பல் டாக்டரின் வண்டியை முதலில் செய்.

இன்று காலை அம்மா ஒன்று சொன்னாள். என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஸ்பேனர் பெட்டியை இந்த டப்பாக்களோடு உனக்கு அனுப்பிவிட வேண்டுமாம். "நீ சும்மாதானே வச்சிருக்கே, அவளாவது உபயோகப்படுத்துவா" என்றாள். படிக்கிற காலத்தில் இரண்டு வருடம் சேர்த்து நான் வாங்கியது. இன்றும் மாதம் ஒரு தடவை துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறேன். அதை அம்மா பார்த்திருக்கிறாள்.

அனுப்பவில்லை. டப்பாவில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்கா,

நீயும் அம்மாவும் சுகம்தானே? திருப்பி அனுப்ப டப்பா இல்லாததால் தபாலில் எழுதுகிறேன்.

என் இரண்டு டப்பாவும் இன்னும் வரவில்லை. வழியில் எங்காவது மாட்டிக்கொண்டதா? நீ கேட்டுச் சொல். மீசைக்காரருக்கு வர வேண்டிய மூன்றும் நேற்று வந்துவிட்டன. அவர் ஒன்றை முடித்தும்விட்டார். பல் டாக்டர் இப்போது என்னிடம் பேசுவதில்லை, மேலாளரிடம்தான் பேசுகிறார்.

உன்னிடமிருந்து கடிதமும் இல்லை. உடம்பு சரியில்லையா?

உன் வாலு


மார்ச் 11

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் இப்போது தேவலை, மாடிப்படிகூட ஏறுகிறாள், கீழ்வீட்டு டீச்சர் சொன்ன ஏதோ தைலம். வெயில் ஆரம்பித்துவிட்டது. அங்கே எப்படி?

மவுண்டிங் ஸ்டாக் இல்லை. தொழிற்சாலையிலிருந்தே வரவில்லை. மீசைக்காரருக்குப் போனவைதான் கடைசி, அவருடைய சீட்டு வேறு வரிசையில் வந்ததால் அவருக்குப் போய்விட்டது. அடுத்த லாரி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நானும் தினமும் கேட்கிறேன். கேட்காமல் இருப்பேனா? வந்ததும் முதலில் உனக்குத்தான்.

பல் டாக்டரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். மறந்துவிடாதே.

உன் அக்கா


மார்ச் 24

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். பயப்படாதே, அம்மாவிடமும் பக்குவமாகச் சொல்.

வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. மாவுக்கட்டு ஆறு வாரம். இருபத்தொன்றாம் தேதி பல் டாக்டரின் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துவரப் போனேன். இங்கே பூட்டி வைத்தால் அவர் ஓட்ட மாட்டார் என்று. மேட்டில் கொஞ்சம் மிதித்தேன். இடது மவுண்டிங் அறுந்து இன்ஜின் எழும்பியது, கியர் கம்பியை இழுத்துக்கொண்டது. கியரை விடுவிக்க முடியவில்லை, பிரேக்கும் சரியாகப் பிடிக்கவில்லை. வண்டி ஒரு சுற்றுச்சுவரில் போய் நின்றது. ரோட்டில் யாரும் இல்லை. அது போதும்.

கை வலிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

வாலு


மார்ச் 27

என் வாலு,

கடிதம் வந்தது. வலி எப்படி இருக்கிறது? விரல்கள் அசைகின்றனவா? டாக்டர் என்ன சொன்னார், மறைக்காமல் எழுது. அம்மா நாளையே கிளம்புகிறேன் என்று பையில் துணியை வைக்கிறாள், எடுக்கிறாள். முழங்காலோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர முடியாது என்று பிடித்து வைத்திருக்கிறேன்.

நேற்று மாலைதான் லாரி வந்தது. இரண்டு டப்பாவையும் இன்று முதல் வண்டியில் ஏற்றிவிட்டேன். இனி எதற்கு என்று நீ கேட்கலாம். எனக்கும் தெரியவில்லை. அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கையை ஆட்டாதே. ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

வலி குறைந்திருக்கிறது. விரல்கள் அசைகின்றன. இடது கைக்கும் எழுத்து கொஞ்சம் பழகிவிட்டது. அம்மாவை வர வேண்டாம் என்று சொல்.

டப்பாக்கள் வந்தன. மேல் டேப்பைக் கீறி நீ செருகிய கடிதம் முதலில் வந்தது. நேற்று மாலைதான் லாரி வந்தது என்கிறது. தெர்மோகோலைத் தூக்கினால் கீழே இன்னொன்று இருந்தது. பிப்ரவரி 23. நீ கேட்ட இரண்டும் இதோ என்கிறது. ஸ்பேனர் பெட்டியைப் பற்றியும் எழுதியிருக்கிறாய்.

பட்டறை மேஜை அருகே நின்று இரண்டையும் படித்தேன். மறுபடியும் படித்தேன். மீசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல ஏதாவது?" என்று கேட்டார். அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்றேன். அவர் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

சோதனைக் குழுவின் இடம் அவருக்குத்தான் போனது. மஞ்சள் வண்டிக்கு மவுண்டிங் ஏன் வரவில்லை என்று மேலாளர் விசாரித்தார். "ஆர்டர் சீட்டு அனுப்ப மறந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டேன். என்னிடம் இருந்த சீட்டின் நகலையும் கிழித்துப் போட்டேன். மேலாளர் அதை என் தவறு என்று என் பெயருக்கு எதிரே எழுதிக்கொண்டார்.

உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வண்டிகளை நான் ஒரு நாளும் ரோட்டில் ஓட்டியதில்லை. மெக்கானிக்குகள் ஓட்டக் கூடாது, மேற்பார்வையாளர்தான் ஓட்டிப் பார்ப்பார். நான் வாசல் வரை பின்னாலேயே நடந்து போய், வண்டி திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வருவேன். ஏரிக்கரைச் சாலை, மூன்றாவது கியர், எல்லாம் பொய். நீ பொறாமைப்பட வேண்டும் என்றுதான் எழுதினேன். சாயங்காலம் நீ கதவைத் தட்டினால் "வந்துட்டியா" என்று கேட்க அம்மா இருக்கிறாள். நான் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, எனக்கு நானே வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் எரியும் அக்கா.

அன்று இழுவை வண்டியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. உனக்கு எழுதியதில் ஒன்றாவது உண்மையாக இருக்கட்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். மவுண்டிங்கின் நிலைமை தெரிந்தே மேட்டில் மிதித்தேன். அதனால்தான் மேலாளர் கேட்டபோது உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. பிப்ரவரி 23-க்கும் மார்ச் 21-க்கும் நடுவில் எத்தனை நாள் என்று நீயே எண்ணிப் பார்.

உன் இரண்டு கடிதங்களையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். வேறு யாரும் பார்க்கவில்லை. நீ கிழித்துவிடலாம்.

வாலு


ஏப்ரல் 15

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா சுகம். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுத மாட்டேன். விரல்கள் அசைகின்றன என்ற வரியைத்தான் முதலில் படித்தேன், பிறகு மற்றதை.

இருபத்தாறு நாள். எண்ணினேன்.

அன்று டப்பாக்களுக்கு டேப் ஒட்டித் தள்ளுவண்டியில் வைத்துவிட்டேன். ஸ்பேனர் பெட்டியைப் பற்றி அம்மா சொன்னது காதிலேயே நின்றது. ஒரு வாரம் தாமதமானால் என்ன ஆகிவிடும் என்று திரும்ப எடுத்து, ஏழாவது அடுக்குக்குப் பின்னால், முன்கண்ணாடி டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். அந்த வாரம் முடிந்ததும் இன்னொரு வாரம். மீசைக்காரரின் சீட்டு வந்தபோது அன்றே அனுப்பினேன். வேறு வரிசை, கடைசி ஸ்டாக் என்றெல்லாம் உனக்கு எழுதியது பொய். தினமும் அந்த அடுக்கைத் தாண்டித்தான் சாப்பிடப் போவேன். தாண்டும்போது ஒரு திருப்தி இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உனக்கு ஒரு இடம் கிடைக்காமல் தடுக்கிறேன் என்று மட்டும்தான் நினைத்தேன். மவுண்டிங் அறுந்தால் இன்ஜின் எங்கே போகும் என்று வகுப்பில் படம் போட்டுக் காட்டியவள் நான். அது தெரிந்தே வைத்திருந்தேன். பல் டாக்டரை எச்சரிக்கச் சொல்லி ஒரு வரி எழுதி, அதோடு என் பொறுப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நீ அந்த வண்டியில் ஏறுவாய் என்று தோன்றவே இல்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. நீ திருப்பி அனுப்பிய என்னுடைய இரண்டையும் வாசித்தேன். அம்மா, "ரெண்டு பேரையும் நான்தான் இப்படி ஆக்கிட்டேனா?" என்றாள். நாளை அவள் உன்னிடம் கிளம்புகிறாள். இந்தத் தடவை நான் பிடித்து வைக்கவில்லை. இனி கொஞ்ச நாள் பூட்டை நான் திறந்துகொள்கிறேன்.

நீ ஓட்டவே இல்லை என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை. வாசல் வரை நடந்து போய் நின்று பார்த்தாய் அல்லவா? அதை எழுதியிருந்தால் நான் உன் பக்கத்தில் வந்து நின்றிருப்பேன்.

ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. பழியை நீ எடுத்துக்கொண்டது. வேலையும் உனக்கு, அலமாரியில் படமும் உனக்கு, இப்போது நல்லவள் என்ற பெயரும் உனக்கா? அதை விட்டுத்தர மாட்டேன். நடந்ததை எல்லாம் தேதியோடு எழுதி, உன் மேலாளருக்கு ஒன்றும் என் மேலாளருக்கு ஒன்றுமாக இன்று மத்தியானம் போட்டுவிட்டேன். என் இரண்டு கடிதங்களும் உன் மேலாளருக்குப் போகும் உறையில் இருக்கின்றன. டப்பாவில் வைத்தால் திரும்ப எடுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் ரோட்டைக் கடந்து போய்த் தபால் பெட்டிக்குள் போட்டேன். உள்ளே விழுகிற சத்தம் கேட்கும் வரை நின்றேன்.

அம்மா ஸ்பேனர் பெட்டியை உனக்குக் கொண்டுவரப் பார்த்தாள். கொடுக்கவில்லை. இந்த வேலை போனால் அது எனக்கே வேண்டியிருக்கும்.

கையைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா